கியர் இல்லாத சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பரணிலிருந்தும் கோடிப்புறத்திலிருந்தும் இறங்கிவந்த சைக்கிள்கள் இன்னும் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடுகின்றன. பாவித்த ஜப்பான் றேஸ் சைக்கிளின் கியர்களைக் கழற்றிவிட்டு ஒற்றைப் பல்லோடு ஓட்டும் இளையவர்களும் இருக்கிறார்கள். இம்முறை இந்த இரு வகையினரின் கேள்விகளை எடுத்திருக்கிறோம். வாசிக்கும்போது அங்குலமும் மில்லிமீற்றரும் உள்ள ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்திருங்கள். கீழே வரும் பழுதுகளில் பாதி, அளக்காமல் சாமான் வாங்கியதால் வந்தவை.

பாவித்த றேஸ் சைக்கிள் ஒன்றின் கியர் சாமான்களைக் கழற்றி, பின்னுக்கு ஒற்றைப் பிரீவீல் (மிதிக்காதபோது சும்மா சுற்றவிடும் பின்பல்) போட்டிருக்கிறேன். குண்டும் குழியுமான ஒழுங்கையில் செயின் கழருது. எழும்பி நின்று மிதித்தால் 'டக்' என்று ஒரு பல் தாவுது. எவ்வளவு இறுக்கியும் சரிவரவில்லை. — மாணவர், கொக்குவில்

செயின் கழருவது ஒரு பழுது, பல் தாவுவது இன்னொரு பழுது. இரண்டையும் இறுக்கித் தீர்க்கப் பார்த்ததில்தான் பிழை. அளவுக்கு மேல் இறுகிய செயின் பின் ஹப்பில் குண்டு ஓடும் கோனையும் பெடல் அச்சின் குண்டுகளையும் தின்னும், மிதியும் பாரமாகும்.

தாவுவதை முதலில் பார்ப்போம். செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவில் அளவுகோலின் பூச்சியத்தை வைத்தால், 24 கண்ணி தள்ளியிருக்கும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கவேண்டும். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, தாண்டி நின்றால் செயினை மாற்றுங்கள். ஒரு முழு நூல் தாண்டி நின்றால் பிரீவீலின் பற்களும் அந்த நீட்சிக்கேற்பத் தேய்ந்திருக்கும். அப்போது செயினை மட்டும் மாற்றினால் புதுச் செயின் பழைய பல்லில் உட்காராமல் முன்பைவிடக் கூடத் தாவும். இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். வாங்கும்போது அகலத்தையும் சொல்லுங்கள். ஒற்றைப் பல்லுக்கான தடித்த செயின் 1/8 அங்குலம், கியர் சைக்கிளின் செயின் 3/32 அங்குலம். தடித்த செயின் மெல்லிய பல்லில் ஓடும். மெல்லிய செயின் தடித்த பல்லில் இறங்காது.

அளவு சரியாக இருந்தும் தாவினால் பிரீவீலின் உள்ளே இருக்கும் நாக்குகளைச் சந்தேகியுங்கள். செயின் பல்லைவிட்டு எழும்பாமலே பெடல் ஒருகணம் வெறுமையாக இறங்கினால், பழைய கிறீஸ் இறுகி நாக்கு மடங்கிய இடத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று பொருள். சக்கரத்தைப் படுக்கவைத்து, பிரீவீல் சுழலும் இடைவெளிக்குள் மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். அழுக்கு வடிந்ததும் மெல்லிய ஒயில் சில துளி போதும். உள்ளே கிறீஸ் வைக்கக் கூடாது. அந்தப் பழுதைத் தொடக்கிவைத்ததே கிறீஸ்தான்.

இனிக் கழருவது. முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதே முதல் சந்தேகம். பிரேமின் சீற் குழாயின் நடுவிலிருந்து செயின்வீல் பல்லின் நடுவரை அளந்து பாருங்கள். ஒற்றைப் பல் சைக்கிளுக்கு 42 மில்லிமீற்றர் அளவில் இருக்கவேண்டும். பின்னுக்கு, பிரேமில் அச்சைப் பூட்டும் இரு காதுகளுக்கும் இடைப்பட்ட உள் அகலத்தைப் பாதியாக்கி, வலக் காதின் உட்பக்கத்திலிருந்து பல்லின் நடுவரையுள்ள தூரத்தைக் கழியுங்கள். அகலம் 120, பல் 18 உள்ளே என்றால் 60 கழி 18, வருவது 42. முன்னுக்கும் பின்னுக்கும் 2 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தால் ஓடலாம். ஐந்து ஆறு என்றால் கழரும். இரட்டைச் செயின்வீல் இருந்த றேஸ் சைக்கிளில் பெரிய பல்லை வெளிப்பக்கத்திலேயே விட்டிருப்பீர்கள். அதைக் கிராங்கின் கைகளின் உட்பக்கத்துக்கு மாற்றிப் பூட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும். ஒற்றைப் பல்லுக்கான குட்டை போல்ட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். பழைய நீள போல்ட் முழுதும் இறுகாது.

நேர்கோடு சரியானதும் இறுக்கம். செயின்வீல் எதுவும் முழு வட்டமில்லை. பெடலை மெல்லச் சுற்றி, செயின் ஆக இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் அளக்கவேண்டும். கீழ்ச் செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குலம் ஆடவேண்டும். தளர்ந்த இடத்தில் பார்த்து இறுக்கினால் இறுகும் இடத்தில் சிக்கும்.

பின் சக்கரம் கைப்பிடி மடக்கிப் பூட்டும் வகை அச்சில் நிற்கிறதா? கியர் சைக்கிளில் அது போதும். ஒற்றைப் பல்லில் எழும்பி நின்று மிதிக்கும் இழுப்புக்கு வலப்பக்கம் முன்னே வழுக்கி, ரயர் இடப்பக்கக் குழாயில் உரசும், செயினும் தளரும். நட்டு போட்டு இறுக்கும் முழு இரும்பு அச்சுக்கு மாறுங்கள். பிரேமின் காதில் அச்சு உட்காரும் பிளவு கிடையாக இருந்தால்தான் சக்கரத்தை முன்பின் நகர்த்தி இறுக்கமுடியும். நேர் செங்குத்தாக இருந்தால் பழைய கியர் மாற்றியை ஒரே இடத்தில் நிறுத்திவைத்து இழுவையாகப் பாவிப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

வேலணையிலிருந்து ரவுனுக்கு வேலைக்கு வந்துபோகிறேன். முன்னுக்கு 46 பல், பின்னுக்கு 16. காலையில் பறக்குது. சோளகம் அடிக்கும் மாதங்களில் பின்னேரம் திரும்பும்போது பண்ணைப் பாலத்தில் முழங்கால் வலி. எந்தப் பல் சரி? — அலுவலக ஊழியர், வேலணை

யாழ்ப்பாணத்தில் மேடு இல்லை, ஆகவே பெரிய பல் போடலாம் என்று நினைப்பவர்கள் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்துக்குக் கடல்நடுத் தெருவில் மறைப்பு எதுவும் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். காற்றில்லாத நாளில் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவர் 15 கிலோமீற்றர் எதிர்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்கப்பார்த்தால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 35. எதிர்ப்பு மூன்று மடங்கு. அது ஓர் ஏற்றத்துக்குச் சமன், ஏற்றமென்றால் முடிந்துவிடும், இது பாலம் முடியுமட்டும் முடியாது.

700 × 28 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.14 மீற்றர் ஓடும். 46க்கு 16 என்றால் பெடலின் ஒரு சுற்றுக்கு 6.1 மீற்றர். 46க்கு 18 என்றால் 5.5 மீற்றர். 44க்கு 18 என்றால் 5.2 மீற்றர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவருக்கு இவை முறையே மணிக்கு 29, 26, 25 கிலோமீற்றர் வேகத்தைத் தரும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு முதலாவது அளவு பெரிது. எதிர்காற்றில் வேகம் 15க்கு இறங்கும்போது கால் நிமிடத்துக்கு 40 சுற்றுத்தான் சுற்றும், ஒவ்வொரு மிதியும் முழுப்பாரம். முழங்கால் வலி அங்கிருந்து வருகிறது.

எங்கள் தீர்ப்பு: பின்னுக்கு 18 போடுங்கள், முன்னுக்கு 46 அப்படியே இருக்கட்டும். செயின்வீலை மாற்றுவதைவிடப் பிரீவீலை மாற்றுவது மலிவு. 46க்கு 18 போட்டும் பாரமென்றால் பிறகு 44ஐ யோசிக்கலாம். பின்னுக்கு 2 பல் கூடும்போது அச்சு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் முன்னே வரவேண்டும். பிளவில் அவ்வளவு இடமிருந்தால் அதே செயின் போதும். இடமில்லையென்றால் ஒரு முழு அங்குலம், அதாவது இரண்டு கண்ணி, கூட்டவேண்டும். கூட்டினால் அச்சு பின்னே போய்ப் பிளவின் வாயில் நின்றுவிடுகிற சந்தர்ப்பத்தில் 'அரைக் கண்ணி' என்று கடையில் சொல்லும், அரை அங்குலம் மட்டும் கூட்டும் கண்ணி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

பிரீவீல் கழற்றும்போது ஒன்று. அதன் முகத்தில் இரண்டோ நான்கோ வெட்டு இருக்கும். அந்த வெட்டுக்குப் பொருந்தும் கழற்றி வேண்டும். கழற்றியை அச்சு நட்டால் மெல்லப் பிடித்துவைத்து, இடஞ்சுழியாகத் திருப்புங்கள். முதல் அசைவு வந்தவுடன் நட்டைத் தளர்த்த மறந்தால் அச்சின் புரி போய்விடும். மிதித்து மிதித்து இறுகியிருப்பதால் கையால் அசையாது, நீளக் குழாய் ஒன்றைச் சாவியில் செருகவேண்டியிருக்கும். கழற்றி இல்லை என்று உளி வைத்துச் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். முகத்திலுள்ள இரண்டு குழிகளில் அடித்தால் திறப்பது பிரீவீலின் மூடி. அதன் புரி எதிர்ப்புறமானது, திறந்ததும் உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகள் நிலமெல்லாம் ஓடும். புதியதைப் பூட்டும்போது ஹப்பின் புரிக்குக் கிறீஸ் பூசுங்கள். அடுத்தமுறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

பிரீவீலை வெல்டிங் பண்ணி 'பிக்ஸ்' ஆக்கித் தருகிறோம் என்கிறார்கள். பிறேக்கே தேவையில்லையாம். செய்யலாமா? — வயது 19, திருநெல்வேலி

செய்ய வேண்டாம். 'பிக்ஸ்' என்றால் சக்கரம் சுற்றுமட்டும் பெடலும் சேர்ந்து சுற்றும், காலால்தான் வேகத்தைக் குறைக்கவேண்டும். காரணத்தையும் சொல்கிறோம்.

பிரீவீல் ஹப்பில் ஒரே புரியில்தான் ஏறியிருக்கிறது. முன்னோக்கி மிதித்தால் அது இறுகும். வெல்டிங் செய்த பிரீவீலில் வேகத்தைக் குறைக்கக் காலைப் பின்னோக்கி அழுத்தினால், அதே புரி கழரும். நீங்கள் நிறுத்த முயலும் அந்தக் கணத்தில் கழரும், அதற்கு முன்னர் எந்த அறிகுறியும் காட்டாது. முறையான பிக்ஸ் ஹப்பில் இரண்டு படிப் புரி உண்டு. உள்படியில் பல் வலஞ்சுழியாக ஏறும், வெளிப்படியில் எதிர்ப்புரி வளையம் ஏறிப் பல்லைப் பூட்டும். பல் கழரப்பார்த்தால் வளையம் இன்னும் இறுகும். அந்த இரண்டாவது படி சாதாரண ஹப்பில் இல்லை. பெடல் அச்சின் வளையத்தை எடுத்துப் போடுவதும் பூட்டாகாது, அதன் புரி பல்லின் புரி செல்லும் திசையிலேயே செல்கிறது.

முறையான ஹப் கிடைத்தாலும் முன் பிறேக் கட்டாயம் இருக்கவேண்டும். நிறுத்தும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. பின் சக்கரம் மட்டும் நின்றால் வழுக்கும், நிற்காது. கஸ்தூரியார் வீதியில் முச்சக்கரவண்டி ஒன்று திடீரென்று திரும்பும்போது அந்த வித்தியாசம் சில மீற்றர். பெடல் நிற்காமல் சுற்றுவதால் செயினில் களிசானின் காலோ சப்பாத்து நாடாவோ சிக்கினால் காலையும் சேர்த்து இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்பாவின் பழைய 28 அங்குல சைக்கிள். கம்பிப் பிறேக். மழையில் பிடித்தாலும் நிற்காது. கட்டை புதிது. கேபிள் பிறேக் போடலாமா? — ஆசிரியை, சாவகச்சேரி

கட்டையில் பிழையில்லை, றிம்மில்தான். குரோம் பூசிய இரும்பு நனைந்தால் றப்பர் அதில் பிடிக்காது. அலுமினிய றிம் நனைந்தாலும் ஓரளவு பிடிக்கும். மழையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, பழைய சைக்கிளுக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்கு ஈடு வேறில்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஆனால் கம்பிப் பிறேக் றிம்மின் உட்புறத்தில், அதாவது ஹப்பைப் பார்த்த முகத்தில், மேலிழுத்துப் பிடிக்கிறது. கேபிள் பிறேக் பக்கவாட்டில் பிடிக்கிறது. உங்கள் றிம்மின் பக்கம் வளைந்திருக்கும். ஆகவே பிறேக்கை மட்டும் மாற்றமுடியாது. றிம்மோடு சேர்த்தே மாற்றவேண்டும்.

28 × 1½ றிம்மில் ரயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் 700 அளவு அலுமினிய றிம்மில் அது 622. ஆரையில் 6.5 மில்லிமீற்றர் குறைவு. பிறேக்கின் கை அவ்வளவுக்குக் கூடுதலாகக் கீழே எட்டவேண்டும். புதிய சக்கரத்தைப் போர்க்கில் வைத்து, போர்க்கின் தலையிலுள்ள துளையின் நடுவிலிருந்து றிம்மின் பக்கமுகத்தின் நடுவரை அளந்து, அந்த எண்ணைக் கடையில் சொல்லிப் பிறேக் வாங்குங்கள். சாதாரண றேஸ் பிறேக் 39 முதல் 49 மில்லிமீற்றர் வரை எட்டும், நீளக் கை உள்ளது 47 முதல் 57 வரை. பழைய பிரேமில் இன்னும் நீளம் தேவைப்படலாம். துளையே இல்லாத போர்க்கும் உண்டு. அதைக் கண்டபடி துளைக்க வேண்டாம், கேபிள் பிறேக்குக்கான போர்க் ஒன்றைத் தேடுவது பாதுகாப்பு.

றிம் வாங்கமுன் ஹப்பின் துளைகளை எண்ணுங்கள். பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களில் முன்னுக்கு 32, பின்னுக்கு 40 கம்பி. 36 துளை றிம் அவற்றுக்குப் பொருந்தாது. புது ஹப்போடு சக்கரம் கட்டினால் 36 எடுங்கள், நல்ல பலம். பழைய பிரேமின் பின் காதுகள் 110 மில்லிமீற்றர் அகலத்தில் இருக்கலாம், புது ஹப் 120. இரும்புப் பிரேமை இருபக்கமும் 5 மில்லிமீற்றர் சமமாக விரிக்கலாம். அலுமினியப் பிரேமை ஒருபோதும் விரிக்கக் கூடாது, வெடிக்கும்.

இப்போதைக்குச் செலவு செய்ய வழியில்லையென்றால், முகத்தில் தோல் ஒட்டிய பிறேக் கட்டை கிடைத்தால் போடுங்கள். நனைந்த இரும்பில் றப்பரைவிட நன்றாகப் பிடிக்கும். மழையில் ஓடும்போது நிற்கவேண்டிய இடத்துக்குச் சற்று முன்பே மெல்லப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறேன். பிழையா? — பருத்தித்துறை

துரு பிடிக்காமல் சில நாள் காக்கும், பின்னுக்கும் உருளைக்கும் நடுவில் இருக்கும் அழுத்தத்தைத் தாங்காது. நல்லெண்ணெய் அதைவிட மோசம், காய்ந்து பிசினாகும். கழிவு என்ஜின் ஒயிலில் இரும்புத்தூள் இருக்கிறது. துரு கழற்றும் ஸ்பிறே கழற்றத்தான், சில நாளில் பறந்துவிடும். புதிய என்ஜின் ஒயில், 30 தரம், நூறு மில்லிலீற்றர் போத்தல் ஒன்று வருடக்கணக்கில் வரும்.

விடும் முறைதான் முக்கியம். உருளை ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி, கீழ்ச் செயினின் உட்பக்கத்தில். பெடலைப் பின்னோக்கி முப்பது தரம் சுற்றுங்கள். ஒரு மணித்தியாலம் விட்டு, பழந்துணியால் வெளியே இருப்பதை எல்லாம் துடைத்தெடுங்கள். வெளியே மினுங்கும் ஒயில் செம்மண்ணையும் கடற்கரை மணலையும் பிடித்து அரைக்கும் பசையாகும். உங்கள் பகுதியில் உப்புக்காற்று எப்போதும் உண்டு. கடலோரம் ஓடிவந்த அன்றே நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவித் துடையுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் உப்பு ஹப்புக்குள் போகும்.

மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருதரம் 'டக்' என்கிறது. வலப்பெடல் மேலே வரும்போது ஒரு ஆட்டம். — மானிப்பாய்

கொட்டர்பின், அதாவது கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு. ஒரு பெடலைத் தரையோடு கிடையாகப் பிடித்து மற்றதை அசைத்துப் பாருங்கள். கிராங்க் அச்சில் தனியே ஆடினால் கொட்டர்பின் நசிந்துவிட்டது. இரண்டு கிராங்கும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் அச்சின் கப்பில் ஆட்டம், அது வேறு வேலை.

பழைய பின்னைக் கொண்டுபோய்த் தடிப்பு ஒப்பிட்டு வாங்குங்கள். 9.5 மில்லிமீற்றரும் 9 மில்லிமீற்றரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கழற்றும்போது நட்டைப் புரியின் நுனிக்குச் சமமாக விட்டு அதன்மேல் அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் புரி விரியும். அடிக்கமுன் கிராங்கின் கீழே, பின்னுக்குச் சரி நேரே, நிலத்தில் ஊன்றிய இரும்புக் குழாய் ஒன்று தாங்கவேண்டும். தாங்காமல் அடிக்கும் ஒவ்வோர் அடியும் அச்சின் குண்டு வழியாகக் கப்பில் குழி போடும். வீடுகளில் கொட்டர்பின் மாற்றிய கையோடு பெடல் அச்சு கரகரப்பதற்கு இதுவே காரணம். புதுப் பின்னின் சரிவான முகம் அச்சின் வெட்டில் முழுதாகப் படிகிறதா என்று பாருங்கள். விளிம்பில் மட்டும் தொட்டால் அரத்தால் மெல்லத் தட்டையாக்குங்கள். வலப் பின்னும் இடப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கத்திலிருந்து செருகப்படவேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரு கோட்டில் நிற்காது. இறுக்குவது நட்டு அல்ல, அடிதான். அடித்து உட்காரவைத்தபின் நட்டைப் பிடியுங்கள். 50 கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் ஒருமுறை அடித்து இறுக்கினால் அது நிற்கும்.

கப்பைக் கழற்றவேண்டிவந்தால்: செயின் பக்கத்துக் கப் எதிர்ப்புரி, வலஞ்சுழியாகத் திருப்பினால் கழரும். நொட்டிங்காமில் செய்த பழைய ரலிகளில் அங்குலத்துக்கு 26 புரி, மற்றவற்றில் 24. தவறான கப்பை வலிந்து ஏற்றினால் பிரேமே போய்விடும்.

மாரிக்கு முன் என்ன செய்துவைக்க வேண்டும்? — கரவெட்டி

ஐப்பசி மழை பிடிக்கமுன் இரண்டு ஹப்பையும் திறந்து மூடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 குண்டு, 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, கால் அங்குலம். பழைய குண்டை மீண்டும் போடாதீர்கள், குண்டு மலிவு, கோன் விலை. மண்ணெண்ணெயால் கழுவிக் கோனைப் பாருங்கள். குண்டோடும் பாதையில் சொறி விழுந்திருந்தால் மாற்றுங்கள். கப் நிறையக் கிறீஸ் வைத்துக் குண்டை அதில் பதியுங்கள்.

கோனை இறுக்கும் அளவு இப்படி: கையால் இறுக்கிக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்நட்டைப் பூட்டுங்கள். சக்கரத்தை உயர்த்தினால் வால்வின் பாரத்திலேயே அது மெல்லச் சுற்றி வால்வ் கீழே வந்து நிற்கவேண்டும். றிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரேநேரத்தில் கிடைக்குமட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் வேலை, அவசரப்படுகிற இடமில்லை. வெள்ளத்தில் ஹப் மூழ்க ஓடினால் ஒரு கிழமைக்குள் மறுபடி திறக்கவேண்டும்.

கிழமைக்கு ஒருதரம் காற்றுப் போகிறது. முள் எதுவும் இல்லை. — சுன்னாகம்

ரியூப்பில் துளை எங்கே என்பதைப் பாருங்கள். ரயர் பக்கத்தில் ஒற்றைத் துளை என்றால் நெருஞ்சியோ கண்ணாடித்துண்டோ. வால்விலிருந்து அதன் தூரத்தை அளந்து, ரயரின் அதே இடத்தில் உள்ளே விரல் ஓட்டினால் முனை தட்டுப்படும். அக்கம்பக்கமாக இரண்டு வெட்டு என்றால் காற்றுப் போதாமல் குழியில் றிம் நசித்திருக்கிறது. உட்பக்கத்தில், கம்பியின் தலைக்கு நேரே என்றால் றிம்மின் நாடா விலகியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்தால் ஒல்லி வால்வ் ரியூப்பைத் தடித்த வால்வுக்கான துளையில் போட்டிருக்கிறீர்கள். ஒல்லிக்கு 6, தடித்ததுக்கு 8 மில்லிமீற்றர். எங்கேயும் துளையில்லையென்றால் வால்வின் சின்ன றப்பர்க்குழாய் வெயிலில் வெடித்திருக்கும், மாற்ற ஒரு நிமிடம்.

70 கிலோ எடையுள்ளவருக்குக் காற்று: 28 × 1½ ரயருக்கு 50 இறாத்தல், 700 × 32க்கு 65, 700 × 28க்கு 80, 700 × 25க்கு 90. எங்கள் ஒழுங்கைகளுக்கு 25ஐவிட 32 நல்லது, பிரேமில் இடமிருந்தால். ஒட்டுப் போடும்போது சொலுஷன் பூசி ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தில் ஒட்டியது சூட்டில் கழரும்.

கையில் காசு கொஞ்சம். எதை முதலில் மாற்றலாம்? — உரும்பிராய்

பிறேக் கட்டையும் கேபிளும். பிறகு நல்ல ரயர் இரண்டு. பிறகு குண்டும் கிறீஸும், அதற்குச் செலவு உழைப்புத்தான். செயினும் பிரீவீலும் அதன்பின். ஹாண்டில், நிறச் செயின், பளபளக்கும் பெடல் எல்லாம் கடைசி. பெடல் மாற்றினால் இடப்பெடல் எதிர்ப்புரி என்பதை மறவாதீர்கள். முதல் மூன்று சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள், சாவியால் தொடங்கினால் கிராங்கின் புரி வழியும்.

சீற் தூண் அசையவே இல்லை. உயர்த்தவேண்டும். — நல்லூர்

பிடியின் நட்டைக் கழற்றி, பிளவைச் சற்று விரித்து, துரு கழற்றும் திரவத்தை விளிம்பைச் சுற்றி விடுங்கள். இரவு முழுதும் ஊறட்டும். மறுநாள் பழைய சீற்றைப் பூட்டி இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் முறுக்குங்கள். மேலே இழுக்க வேண்டாம், முறுக்கினால்தான் துரு விடும். அசையாவிட்டால் இன்னும் இரண்டு இரவு ஊறவிடுங்கள். வெளியே வந்ததும் தூணையும் குழாயின் உட்புறத்தையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கிறீஸ் பூசிச் செருகுங்கள். உயரம்: சீற்றில் இருந்து குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். தூணின் இரண்டரை அங்குலமாவது பிரேமுக்குள் இருக்கவேண்டும். அதற்குக் குறைந்தால் நீளத் தூண் வாங்குங்கள்.